ஒரே படம், பல கதவுகள்: சைபர் சட்டமும் அறிவுசார் சொத்துச் சட்டமும் சாமானியரைத் தொடும் இடங்கள்

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து, மணமகளின் படம் பக்கத்து மாவட்டத்துப் புடவைக் கடை ஒன்றின் இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். படம் எடுத்த ஸ்டுடியோ அதைத் தன் பக்கத்தில் போட்டிருந்தது; கடைக்காரர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார். சில வாரங்களில் அதே முகம் வேறொரு பெயரில் வரன் பார்க்கும் தளம் ஒன்றில் தோன்றி, இரண்டு பேரிடம் பணம் கேட்கிறது. குடும்பத்தார் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே 'இது சைபர் கிரைம், அங்கே போங்கள்' என்கிறார்கள். சைபர் கிரைம் பிரிவிலோ, 'கடைக்காரர் படத்தைப் போட்டது சிவில் விவகாரம், வக்கீலைப் பாருங்கள்' என்கிறார்கள். இரண்டு பதிலுமே பாதி உண்மை. அந்தப் பாதி எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் எந்தக் கதவை எப்போது தட்டுவது என்பது விளங்கும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

குழப்பத்தில் பாதி தமிழ்ச் சொற்களிலேயே தொடங்குகிறது. 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லை நாளிதழ்கள் ஒரு நாள் காப்பிரைட்டுக்கும் மறுநாள் பேட்டன்டுக்கும் பயன்படுத்துகின்றன. சட்டத்தில் இவை வெவ்வேறு உரிமைகள்; கால அளவும் வேறு, பெறும் வழியும் வேறு.

1. பதிப்புரிமை, அதாவது காப்பிரைட். 1957-ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஆள்கிறது. கதை, கட்டுரை, ஓவியம், படம், இசை, திரைப்படம், கணினி நிரல் ஆகியவை உருவான கணத்திலேயே இந்த உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, பதிவு செய்தால் அது ஒரு சான்றாக உதவும், அவ்வளவுதான். எழுத்து, இசை போன்ற படைப்புகளுக்கு ஆசிரியரின் ஆயுள் முழுதும், அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். கருத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கருத்தைச் சொன்ன விதத்துக்கே உண்டு.

2. காப்புரிமை, அதாவது பேட்டன்ட். புதிய கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்து, ஆய்வில் தேறினால் 20 ஆண்டுகளுக்குக் கிடைப்பது. வெறும் கணினி நிரலுக்கு நிரல் என்ற அளவில் இந்தியாவில் பேட்டன்ட் இல்லை. ஆகவே, 'என் ஆப் ஐடியாவுக்குப் பேட்டன்ட் வாங்கித் தருகிறோம்' என்று முன்பணம் கேட்பவர்களிடம் நிதானமாக இருப்பது நல்லது.

3. வணிகச் சின்னம், அதாவது டிரேட் மார்க். 1999-ஆம் ஆண்டுச் சட்டம். கடையின் பெயர், லோகோ, அடையாளக் குறி ஆகியவற்றுக்கு 10 ஆண்டுகள், புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

4. புவிசார் குறியீடு. இது தனி ஒருவரின் சொத்து அன்று, ஓர் ஊரின் உற்பத்தியாளர்கள் அனைவருக்கும் உரியது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கோவில்பட்டி கடலை மிட்டாயும் பழனி பஞ்சாமிர்தமும் இந்தப் பட்டியலில் உள்ளவை.

சைபர் சட்டம் என்று பேச்சு வழக்கில் சொல்வது முதன்மையாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அது அந்த ஆண்டு அக்டோபர் 17-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று நாம் அதிகம் கேள்விப்படும் ஆள்மாறாட்டம், அடையாளத் திருட்டு போன்ற குற்றங்கள் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டவை.

இரண்டு சட்டங்கள், இரண்டு கேள்விகள்

அறிவுசார் சொத்துச் சட்டம் முதலில் கேட்பது 'இது யாருடையது?' என்பது. உரிமையாளர் யார் என்று நிறுவிய பிறகே மீறலைப் பற்றிப் பேச முடியும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொத்துரிமையில் தொடங்குவதில்லை. 'அனுமதி இல்லாமல் நுழைந்தது யார், பிறர் பெயரைப் பூண்டு ஏமாற்றியது யார், வெளியிடக் கூடாததை வெளியிட்டது யார்?' என்று அது நடத்தையைப் பார்க்கிறது. நம் உதாரணத்தில் புடவைக் கடை முதல் கேள்விக்குள் வருகிறது, போலி வரன் பக்கம் இரண்டாவதற்குள் வருகிறது. படம் ஒன்றுதான் என்பதால் புகாரும் ஒன்றாகவே எழுதப்படுகிறது. சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

ஒன்று மற்றொன்றை அடைத்துவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு மற்றச் சட்டங்களைவிட மேலோங்கிய நிலை தரும் பிரிவு 81-லேயே, பதிப்புரிமை, காப்புரிமைச் சட்டங்களின் கீழ் ஒருவருக்கு உள்ள உரிமையை அது தடுக்காது என்ற விலக்கு எழுதப்பட்டிருக்கிறது.

கல்யாணப் படத்தின் சொந்தக்காரர் யார்?

எடுத்தவருக்கே படம் சொந்தம் என்பது பொதுவான நம்பிக்கை. பொது விதியும் அப்படித்தான். படைப்பின் முதல் உரிமையாளர் ஆசிரியர், படத்தைப் பொறுத்தவரை அதை எடுத்தவர். ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 17 ஒரு முக்கியமான விலக்கைத் தருகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு எடுக்கப்பட்ட படமோ வீடியோவோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது, ஸ்டுடியோவுக்கு முன்பணம் கொடுத்து புக் செய்த குடும்பத்தாருக்கே அந்த ஆல்பத்தின் பதிப்புரிமை போய்ச் சேர்கிறது. ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு வேலை செய்யும் கேமராக்காரருக்கு அல்ல, ஸ்டுடியோ முதலாளிக்கும் அல்ல.

'வேறு ஒப்பந்தம் இல்லாதவரை' என்ற சொற்கள்தான் இங்கே எல்லாம். பல ஸ்டுடியோக்களின் எஸ்டிமேட் பில்லில், முன்பணம், மீதித் தொகை, ஆல்பத் தாள்களின் எண்ணிக்கைக்கெல்லாம் கீழே, பொடி எழுத்தில் 'படங்களை எங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் நேரத்தில் கண்கள் மொத்தத் தொகையில் இருக்குமே தவிர அந்த வரியில் இராது. அந்த வரி இருந்தால் ஸ்டுடியோ தன் பக்கத்தில் படம் போட்டதைக் கேள்வி கேட்பது கடினம். அந்த வரி இருந்தாலும், புடவைக் கடை எடுத்துக்கொண்டதற்கு அது அனுமதி ஆகாது. கடைக்கு எவருமே உரிமை எழுதித் தரவில்லை.

எனவே கடைக்காரர் செய்தது பதிப்புரிமை மீறல். தடை உத்தரவும் இழப்பீடும் கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். இது வெறும் சிவில் விவகாரம் என்பதும் முழு உண்மை அன்று. தெரிந்தே செய்யும் மீறலுக்குப் பிரிவு 63 ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இந்தக் குற்றம் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடியது, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காதது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆனாலும், ஒரு வக்கீல் நோட்டீஸிலேயே பெரும்பாலான கடைகள் படத்தை நீக்கிவிடும் என்பதால் அங்கே தொடங்குவதே விவேகம்.

அதே முகம், வேறு பெயர்

போலி வரன் பக்கத்தில் பதிப்புரிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது நேர விரயம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 66டி, மற்றொருவரின் கடவுச்சொல் முதலிய தனி அடையாளங்களை மோசடியாகப் பயன்படுத்தியிருந்தால் 66சி. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை. படத்தை ஆபாசமாக மாற்றிப் பரப்பினால் 67, 67ஏ பிரிவுகள் வந்து சேரும். இந்தச் சட்டத்தின் குற்றங்களை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரியே புலன் விசாரணை செய்ய வேண்டும். சாதாரணக் காவல் நிலையம் கைகாட்டி அனுப்புவதற்கு அது ஒரு காரணம்.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 77பி, மூன்றாண்டுத் தண்டனைக்குரிய குற்றங்களை ஜாமீனில் விடத்தக்கவை என்கிறது. ஆகவே, ஒரு பெண்ணின் முகத்தைத் திருடிப் பணம் பறித்தவர் 66டி-யின் கீழ் ஜாமீனை உரிமையாகவே கேட்கலாம். அந்தப் படத்தை அனுமதியின்றி விளம்பரத்தில் போட்ட கடைக்காரருக்குப் பிரிவு 63-இன் கீழ் அந்த உரிமை இல்லை. இரண்டு சட்டங்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கவலைகளோடு எழுதப்பட்டதன் விளைவு இது. இதை நாடாளுமன்றம் சரிசெய்தால் நல்லது.

இன்னொரு பக்கக் குறிப்பு: சமூக ஊடகத்தில் 'மனம் புண்படும்படி' எழுதியதற்காக வழக்கு என்று பயமுறுத்தும் நோட்டீஸில் 66ஏ என்ற எண் இருந்தால், அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் முழுமையாக ரத்து செய்துவிட்டது.

கல்யாண வீடியோவில் பாட்டு ஏன் ஊமையாகிறது?

மண்டபத்தில் ஒலித்த திரைப்பாடல் யூடியூபில் ஏற்றிய வீடியோவில் மட்டும் மௌனமாகிவிடுவது பலருக்கும் நேர்ந்தது. 'கல்யாணத்தில் பாட்டுப் போட உரிமம் வேண்டாம் என்றார்களே' என்ற கேள்வி நியாயமானது. பதில் படிப்படியாக வருகிறது.

1. ஒரு திரைப்பாடலில் குறைந்தது மூன்று உரிமைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன: பாடல் வரி, இசையமைப்பு, ஒலிப்பதிவு. கவிஞர், இசையமைப்பாளர், ஒலிப்பதிவுக்கு உரிமை பெற்ற நிறுவனம் என்று சொந்தக்காரர்களும் பலர். பழைய பாடல்களைப் பற்றிய வழக்குகளில் ஒரே பாட்டுக்கு இத்தனை பேர் உரிமை கோருவது இதனால்தான்.

2. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையை, அதாவது பாட்டு பயன்படும்போது தமக்குச் சேர வேண்டிய பங்குத் தொகையை, வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்தது. திரையரங்கில் படத்தோடு ஒலிப்பதற்கு மட்டும் இது பொருந்தாது.

3. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52, மதச் சடங்கில் பாட்டை இசைப்பதும் ஒலிபரப்புவதும் மீறல் ஆகாது என்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை 2023 ஜூலையில் பொது அறிவிப்பு மூலம் இதை நினைவூட்டவும் செய்தது.

4. ஆனால் இந்த விலக்கு அந்தக் கொண்டாட்டம் நடக்கும் நேரத்துக்கும் இடத்துக்குமே உரியது. அதே பாட்டை எடுத்து, தாலி கட்டும் காட்சிக்குப் பின்னணியாகக் கோத்து, உலகம் பார்க்க ஏற்றுவது வேறொரு செயல். மண்டபத்தில் பெற்ற விலக்கு யூடியூபுக்குக் கூடவே வராது.

5. வீடியோவை ஊமையாக்குவது நீதிமன்றமும் அன்று, காவல்துறையும் அன்று. உரிமையாளர்கள் கொடுத்து வைத்துள்ள ஒலி மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தானியங்கி முறை அது. பாட்டைத் தடுப்பதா, வீடியோவை விட்டுவைத்து விளம்பர வருமானத்தைத் தாமே எடுத்துக்கொள்வதா என்பது உரிமையாளரின் தேர்வு. அதனால் 'கிளெய்ம்', அதாவது உரிமைக் கோரிக்கை, என்று வரும் மின்னஞ்சலைக் கண்டு வழக்கு வந்துவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை.

தளங்களின் பொறுப்பு எதுவரை?

பிறர் ஏற்றும் உள்ளடக்கத்துக்குத் தளங்கள் பொறுப்பாகாது என்ற கவசத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 79 தருகிறது. நிபந்தனைகளோடுதான். நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்ட பிறகும் நீக்காவிட்டால் கவசம் கழன்றுவிடும். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, தளங்கள் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு முகவரியையும் வெளியிட வேண்டும். ஒருவரின் அந்தரங்கப் படத்தையோ, அவரைப் போல் போலியாக உருவாக்கிய படத்தையோ பற்றி அவரே புகார் செய்தால், நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் விரைந்து முடக்க வேண்டும். விதிகள் வகுக்கப்பட்டபோது அதற்கு 24 மணி நேரம் குறிக்கப்பட்டது. போலிப் பக்கம் கண்ணில் பட்டவுடன் முதலில் தட்ட வேண்டிய கதவு இது. காவல் புகார் அதன் பின்னாலேயே போகட்டும்.

பதிப்புரிமைப் புகார்களுக்குத் தனி நடைமுறை உண்டு. உரிமையாளர் எழுத்தில் அறிவித்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்தி, 21 நாள் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். அதற்குள் உரிமையாளர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் மீண்டும் திறந்துவிடலாம்.

தடுப்பு அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்த் திரையுலகமே சாட்சி. 2012-இல் ஒரு தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் வீடியோ தளமான விமியோ போன்ற முழுத் தளங்களையே மூடின. அந்தப் படத்தோடு தொடர்பே இல்லாத குறும்படக் கலைஞர்களின் படைப்புகளும் சேர்ந்து மறைந்தன. சில வாரங்களில் நீதிமன்றம், குறிப்பிட்ட இணைய முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. 2018-இல் '2.0' படத்துக்காக 12,000-க்கும் மேற்பட்ட தளங்களைத் தடுக்க அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. உரிமையைக் காப்பதும் வேண்டும், சம்பந்தமில்லாதவரின் கதவு அடைபடாமலும் இருக்க வேண்டும். இந்த இழுபறி இன்னும் ஓயவில்லை.

கடை நடத்துபவருக்கு

சிறு வணிகர் அதிகம் இடறுவது பெயரிலும் லோகோவிலும்தான். வணிகச் சின்னத்தைப் பதிவு செய்யாவிட்டாலும், நெடுநாள் பயன்படுத்தி நற்பெயர் ஈட்டியவர் தன் பெயரில் மற்றவர் சரக்கு விற்பதைத் தடுக்கலாம். ஆனால் அந்த நற்பெயரை பில், விளம்பரம், கணக்கு என்று ஆவணங்களால் நிரூபிக்க வேண்டும். பதிவு இருந்தால் அந்தச் சுமை பெருமளவு குறையும். இணைய முகவரிக்கும் இதே பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-இல், சத்யம் இன்ஃபோவே வழக்கில் கூறிவிட்டது.

லோகோ விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. வெளியாள் ஒருவரிடம் 3,000 ரூபாய்க்கு வரைந்து வாங்கிய லோகோ கடைக்குச் சொந்தமாகிவிட்டது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கல்யாணப் படத்துக்குப் பொருந்தும் விலக்கில் இத்தகைய வரைகலைப் பணிகள் தெளிவாக அடங்குவதில்லை. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தாலே செல்லும். அப்படி எழுதினாலும் கால அளவைக் குறிப்பிட மறந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு, நிலப்பரப்பைக் குறிப்பிட மறந்தால் இந்தியாவுக்கு மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஐந்து ஆண்டில் கடை வளர்ந்து நாலு கிளை ஆன பிறகு இது தெரியவந்தால் என்ன விலை கேட்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

டிடிபி கடை, அச்சகம், ஆடிட்டர் அலுவலகம் நடத்துவோர் கவனிக்க வேண்டியது பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 63பி. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள் சிறை. இலாப நோக்கமோ வணிக நோக்கமோ இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். வாடிக்கையாளருக்கு பில் போடும் கடைக்கு அந்தச் சலுகை கிடைப்பது அரிது.

வாடிக்கையாளரின் தொலைபேசி எண்களைச் சேர்த்து வைத்திருப்போர் மீது 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் படிப்படியாக அமலுக்கு வருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின.

பணம் போனால், அல்லது வரக் கூடாத பணம் வந்தால்

பணம் பறிபோனால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைப்பதே முதல் வேலை. களவாடப்பட்ட தொகை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்கு முன் நிறுத்த முடிந்தால்தான் திரும்பும். வங்கியின் பொறுப்பை ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை வரையறுத்தது. வாடிக்கையாளர் தவறோ வங்கித் தவறோ இல்லாமல் மூன்றாமவர் வழியாக நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு முழுதும் வங்கியுடையது. நான்கு முதல் ஏழு நாளுக்குள் என்றால் கணக்கின் வகைக்கேற்ப ஓர் உச்சவரம்பு வரை வாடிக்கையாளர் ஏற்க வேண்டும். ஓடிபியை வாடிக்கையாளரே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது.

அதிகம் அறியப்படாத கதவு ஒன்று உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருந்து, 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கிறார். ஃபிஷிங் மின்னஞ்சலில், அதாவது வங்கி அனுப்பியதுபோல் வந்த போலி மின்னஞ்சலில், பணம் இழந்த ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி ஒரு தனியார் வங்கிக்குத் தமிழ்நாட்டின் அந்த அதிகாரி 2010-இலேயே உத்தரவிட்டிருக்கிறார்.

இதன் மறுபக்கம் இப்போது மளிகைக் கடைகளைத் தாக்குகிறது. மோசடிப் பணம் புகுந்த கணக்கிலிருந்து யாரோ ஒருவர் கியூஆர் கோடைப் பிடித்து 800 ரூபாய்க்கு அரிசி வாங்கிப் போகிறார். பணத்தின் தடம் பிடித்து வரும் வெளிமாநிலக் காவல்துறை வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்ப, கடைக்காரரின் மொத்தக் கணக்கும் முடங்குகிறது. எந்த ஊர்ப் புகார் என்றுகூட அவருக்குத் தெரியாது. சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் ஒரு வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு என்று குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது வாழ்வாதாரத்தையே பாதிக்கும் என்று கூறி, உரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கை இயக்க அனுமதித்தது. வங்கியிடம் புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் விவரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கி, அன்றைய விற்பனை பில்லோடு அவருக்கு விளக்கக் கடிதம் அனுப்புவது முதல் படி; பலன் இல்லையென்றால் நீதிமன்றம்.

ஸ்கிரீன்ஷாட் போதுமா?

போதாது. மின்னணு ஆவணத்தின் நகலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63 இன்னும் இறுக்கமானது: சாதனத்தை வைத்திருப்பவர் ஒரு பகுதியையும் வல்லுநர் மறு பகுதியையும் நிரப்ப வேண்டும், கோப்பு மாறவில்லை என்பதைக் காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் இடம்பெற வேண்டும். ஆகவே ஆத்திரத்தில் அந்த உரையாடலை அழிப்பதும், போனை ரீசெட் செய்து தம்பிக்குக் கொடுப்பதும் கூடாது. படத்தை மட்டும் சேமிக்காமல், அது தோன்றிய பக்கத்தின் முழு முகவரி, தேதி, நேரம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். போலிப் பக்கத்தின் பெயர் நாளை மாறினாலும் முகவரி கைகொடுக்கக்கூடும்.

கல்யாணப் படத்தைப் பொறுத்தவரை, சுருக்கப்படாத மூலக் கோப்பு பெரும்பாலும் ஸ்டுடியோவின் ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது. சில மாதங்களில் அடுத்த முகூர்த்தத்துக்காக அதை அழித்துவிடுவார்கள். அதற்கு முன் பென் டிரைவில் கேட்டு வாங்கி, முன்பணம் கொடுத்த அந்த எஸ்டிமேட் பில்லோடு சேர்த்து வைத்திருந்தால், 'இது யாருடையது?' என்று கடைக்காரரின் வக்கீல் கேட்கும்போது காட்டுவதற்கு ஏதாவது இருக்கும்.